பேட்டா காசு

பெரிய தயாரிப்பாளர் என்று எங்களுக்கு யாரும் இல்லை. நண்பர்கள், ஊர்க்காரர்கள், மளிகைக்கடை அண்ணாச்சி என்று ஐயாயிரமும் பத்தாயிரமுமாகக் கொடுத்த ரொக்கம் சாலிகிராமத்து அறையில் பீரோவுக்குள் இருந்தது. பெயரும் தொகையும் ஒரு நோட்டில். குஜராத்தில் ஐந்து லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) உருவான கதையை இயக்குநர் போகிற இடமெல்லாம் சொல்வார். "அப்ப நானும் ரெண்டு ரூவா தந்தாப் போதும்லா?" என்று கேட்ட அண்ணாச்சி இருபதாயிரம் தந்தார்.

2016 நவம்பர் 8 இரவு, ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் பேசி முடித்தபோது, பீரோவில் இருந்ததில் நூறு ரூபாய்த் தாள்கள் மட்டும்தான் செல்லும்.

ஏன் இவ்வளவு ரொக்கம் என்று வங்கியில் கேட்டார்கள். பேக்கப் சொன்னதும் லைட்மேன் கையில் பேட்டா விழ வேண்டும். விழாவிட்டால் மறுநாள் வேலை நடக்காது. சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 24,000தான் எடுக்கலாம் என்றால், ஒருநாள் பேட்டாவுக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகிவிடும். நோட்டு மாற்றும் வரம்பும் 4,500லிருந்து 2,000 ஆனது. உதவி இயக்குநர்கள் விரலில் மையோடு திரிந்தார்கள்.

வேடிக்கை அதன்பிறகுதான். மாதக்கணக்கில் எங்கள் போனையே எடுக்காத ஃபைனான்சியர் தானாகக் கூப்பிட்டார். "தம்பி, முப்பது லட்சம் போதுமா? இன்னைக்கே வந்து எடுத்துக்குங்க. பழைய நோட்டுதான். திருப்பித் தரும்போது புதுசாக் குடுங்க." வாங்கவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வாங்கி எங்கே வைப்பது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நோட்டைப் பார்த்து அவரவர் பணத்தை அவரவரிடமே சேர்த்தோம், தங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளட்டும் என்று. ஒரு நண்பனின் அம்மா கொடுத்தது சிறுவாட்டுப் பணம். அது இருப்பதே அன்றுதான் அவன் அப்பாவுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் நடந்ததை எங்கள் வசனகர்த்தாவால் எழுதியிருக்க முடியாது.

டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார். 12இல் வர்தா புயல். யாரிடமும் போய்ப் படத்தைப் பற்றிப் பேசக்கூடிய மாதமாக அது இல்லை.

2017 மார்ச் 13இல் பணம் எடுக்கும் வரம்பு நீங்கியது. அண்ணாச்சி செக்காகத் தந்தார். நோட்டில் பாதிப் பெயர்கள் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கதையில் இரண்டு பாத்திரங்களை வெட்டினோம். மண்டபத்தில் ஊரே கூடி நடக்கவேண்டிய கல்யாணம், நான்கு பேரோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது.