எரிந்துபோன ஒரு பெயர்

குருத்துவத் திருநிலை பெற்ற மூன்றாம் ஆண்டில், மதுரைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை ஏற்றேன். பாதுகாவலர் திருவிழாவுக்காகக் கோவிலுக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தோம். பீடத்தின் பின்னறையில் பழைய மர அலமாரி ஒன்று. அதனுள் கறையான் அரித்த நான்கு பதிவேடுகள். ஒன்றையேனும் பிரித்துப் பாராமல், கொல்லைப்புறத்தில் குப்பையோடு சேர்த்து எரித்துவிடச் சொன்னேன். துப்புரவான அறையைக் கண்டு மனநிறைவும் அடைந்தேன்.

மறு ஆண்டு நவம்பரில், இறந்தோர் நினைவு நாளுக்குச் சற்று முன்பு, எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் வந்தார்.

“சாமி, எங்காத்தா பேரு எனக்குத் தெரியாது. என்னைப் பெத்த மூணாம் நாளே செத்துப்போச்சு. எல்லாரும் ‘மூத்தவ’ன்னுதான் சொல்லுவாக. எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப ஏட்டுல எழுதியிருப்பாகள்ல? பாத்துச் சொன்னீகன்னா கல்லறையில பேரு வெட்டி வைப்பேன்.”

அவரிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “போகட்டும் சாமி, மாதாவுக்குத் தெரியும்” என்று என்னைத் தேற்றிவிட்டுச் சென்றார். அந்த ஆண்டு கல்லறை மந்திரிப்பின்போது பெயரில்லாத அந்தச் சிலுவையின் முன் தீர்த்தம் தெளித்த என் கை நடுங்கியது.

அப்பெயரின் வேறு படி எங்கேனும் இருக்குமா என்று அண்டைப் பங்குகளில் தேடினேன். இறுதியில் பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூருக்குச் சென்றேன். 1895-இல் நிறுவப்பெற்ற திரு இருதயக் கல்லூரியின் வளாகத்தில் இயேசு சபை மதுரை மாநிலத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. நான் தேடிய பெயர் அங்கும் கிடைக்கவில்லை. ஆயினும், நான் எரித்தவை எத்தகையவை என்பது எனக்கு அங்குதான் விளங்கிற்று.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தொடங்கி, மறைபணியாளர் தம் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் மடல்கள் எழுதினர். திருமுழுக்குப் பெற்றோர் தொகையோடு, பஞ்சமும் படையெடுப்பும் நாயக்கர் அரசவைச் செய்திகளும் அவற்றில் இடம்பெற்றன. தூய அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். அதற்கு முந்திய நாள் சிறையிலிருந்தும் அவர் மடல் எழுதினார். மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதி 1924-இல் வெளியிட்ட ஆர். சத்தியநாத ஐயர், இயேசு சபையாரின் மடல்களைத் தம் நூலுக்குச் சான்றாகக் கொண்டார். எழுதியவர்கள் வரலாற்றாசிரியர் அல்லர். தங்கள் கடமையைச் செய்தார்கள். பின்வந்தோர் அதைக் காத்தார்கள்.

காவாது விட்டால் என்னவாகும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்றுண்டு. அன்றிக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல் அது. இன்று அதைக் காண வேண்டுமானால் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அரிய நூல் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியைத் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். 1966-இல் அது மறுபதிப்பாயிற்று. நம் வீட்டுப் பொருளைக் கடல் கடந்து தேட வேண்டியதாயிற்று.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம், பங்குப் பதிவேடுகளைப் பேணுவதோடு பழைய ஏடுகளையும் கருத்துடன் காக்குமாறு பணிக்கிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். சட்டம் என் நினைவில் இருந்தது. அதன் பின்னால் ஒரு தாயின் பெயர் இருக்கும் என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. மத்தேயுவும் லூக்காவும் ஆண்டவரின் மூதாதையரைப் பெயர் பெயராக அடுக்கும் பகுதிகளை நாம் விரைந்து வாசித்துக் கடக்கிறோம். இப்போதெல்லாம் அவ்விடத்தில் என் குரல் தானாகவே தாழ்கிறது.

அன்று முதல் நான் செல்லும் பங்குகளில் எல்லாம் முதலில் பதிவேட்டு அலமாரியைத்தான் திறக்கிறேன். ஏடுகளைத் தூசு தட்டி, ஈரமில்லாத இடத்தில், சுவரை ஒட்டாமல் வைக்கிறோம். இளைஞர்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். மங்கிய எழுத்தை வாசிக்க மூத்தவர்கள் துணை நிற்கிறார்கள். அப்படி ஒருநாள் தன் பாட்டியின் பெயரைக் கண்ட சிறுமி அதை உரக்கப் படித்தபோது, அறையில் இருந்தோர் அனைவரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

அன்புக்குரியவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஓலைச்சுவடியோ, பழைய திருமண ஓலையோ, தாத்தாவின் கையெழுத்துச் செப ஏடோ இருக்கலாம். பொங்கலுக்குமுன் வீட்டைத் தூய்மை செய்யும்போது எரிக்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உங்களால் வாசிக்க இயலாவிடில் உங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டு செல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இன்று உயிரோடு இல்லை. தாயின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்று அறிந்தேன். அவர் சிலுவையில் பெயர் இருக்கிறது. அருகிலுள்ள சிலுவையில் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் திருப்பலியில் அந்தத் தாயை நினைவுகூர்கிறேன். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் சற்று மௌனமாக நிற்கிறேன்.