கானும் கடலும் கைகோக்கும் தீவு

மணமான புதிதில் இருவர் மேற்கொள்ளும் பயணத்திற்குத் 'தேன்நிலவு' என்று பெயர் சூட்டி, அதனை இளமைக்கே உரியதாக உலகம் ஒதுக்கிவிட்டது. மக்களை வளர்த்து, படிக்க வைத்து, வெளியூர் அனுப்பிவிட்டு, ஓசையடங்கிய வீட்டில் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருக்கும் தம்பதியர்க்கே அத்தகைய பயணம் மிகுதியும் தேவை என்பது எங்கள் துணிபு. இல்லறத்தில் இருபத்தேழு ஆண்டுகளைக் கடந்த நாங்கள் இருவரும் சென்ற மாசி மாதத்தில் அந்தமான் தீவுகளுக்குச் சென்று வந்தோம்.

சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன இத்தீவுகள். கப்பலில் சென்றால் மூன்று நாள்; வானூர்தியிலோ இரண்டு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். போர்ட் பிளேர் என்று நாம் படித்த தலைநகர், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்குகின்றது. அதன் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழுகின்றது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய தமிழர்க்கும் இத்தீவுக்கூட்டம் புகலிடம் தந்துள்ளது.

அங்கிருந்து படகேறி நாங்கள் சென்றது ஹேவ்லாக் தீவு. 2018ஆம் ஆண்டு அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினர். நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்தில் வீடு வாசல் இழந்த குடும்பங்களை அரசு இங்கே குடியமர்த்தியது. கண்ணனை வழிபட்ட அம்மக்கள் தங்கள் ஊர்களுக்குக் கோவிந்தநகர், கிருஷ்ணாநகர், ராதாநகர் என்று பெயரிட்டனர். காடு திருத்திய நிலத்தில் இன்று தென்னையும் கமுகும் செழித்து நிற்கின்றன.

தீவின் மேற்குக் கரையில் உள்ளது ராதாநகர்க் கடற்கரை. நம் நாட்டுக் கிழக்குக் கரையில் மணல்வெளி, சவுக்குத் தோப்பு, பனை என்று கண்டு பழகியவர்க்கு அது முற்றிலும் புதிய காட்சி. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்கு வெண்மணல் விரிந்திருக்க, அதன் விளிம்பிலேயே பெருங்காடு எழுந்து நிற்கின்றது. ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளும் தவறாது பொழிவதால் காடு கடல்வரை இறங்கி வந்துவிட்டது. முன்வரிசையில் நிற்கும் 'கடல் மோவா' மரம் நம் ஊர்ப் பாலை மரத்தின் இனம். உப்புக் காற்றைத் தன் மேல் ஏற்று, பின்னால் நிற்கும் மரங்களைக் காக்கின்றது. உள்ளே செல்லச் செல்ல, வேங்கையின் உறவான படாக் மரமும், வானளாவிய குர்ஜன் மரமும், சுவர்போல் விரிந்த பலகை வேர்களும் தென்படுகின்றன. அலையோசையும் சில்வண்டின் ஒலியும் ஒரே செவியில் விழுவது அங்கேதான். இந்தியாவின் பொதுநேரத்தையே தீவுகளும் பின்பற்றுவதால், மாலை ஐந்தரை மணி அளவிலேயே கதிரவன் கடலில் மறைந்துவிடுகின்றான்.

மறுநாள் காட்டுவழியே யானைக் கடற்கரைக்கு நடந்தோம். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைகள் ஒரு காலத்தில் இத்தீவுகளில் உழைத்தன. அவற்றுள் கடலில் நீந்துவதற்குப் பேர்பெற்ற ராஜன் என்னும் யானை 2016ஆம் ஆண்டு இத்தீவில் மறைந்தது. கரையோரம் வேருடன் சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் பெருமரங்கள் 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த பேரிடரை நினைவூட்டுகின்றன. அன்றைய நிலநடுக்கத்தில் வட அந்தமானின் கரை உயர்ந்தது. தென் அந்தமானின் கரை தாழ்ந்தது. வயல்களாக இருந்த நிலங்கள் சில இன்று உவர்நீர்ச் சதுப்புகளாகிவிட்டன.

அந்தக் காட்டுவழியில் வேர்கள் காலை இடறின. ஒருவர் முன்னே சென்றால், நின்று மற்றவர்க்குக் கை நீட்ட வேண்டியிருந்தது. பல்லாண்டுகளாக எங்கள் பேச்சு பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன், மருந்து என்றே கழிந்திருந்தது. வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூரில் குடியேறுவதா, வேண்டாவா என்னும் வினா மட்டும் ஓராண்டாக எங்களிடையே பேசப்படாமலே கிடந்தது. எங்களுள் ஒருவர் போக விரும்பினார், மற்றவர் விரும்பவில்லை. அன்று சாய்ந்த மரமொன்றின் மேல் அமர்ந்து அதனை முதன்முறையாக மனம் திறந்து பேசினோம். சற்றுக் கண்ணீரும் வந்தது. உடல் இடங்கொடுக்கும்வரை நம் வீட்டிலேயே இருப்பது, ஆண்டுக்கு இரு திங்கள் மகனிடம் தங்குவது என்று முடிவாயிற்று. ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றிய மக்களிடையே அமர்ந்து பேசியதால், நாளை போக நேர்ந்தாலும் அச்சமில்லை என்று தோன்றியது.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் காணலாமே என்று பலர் கூறினர். சாலைவழி அங்கே செல்வோர் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கடக்க வேண்டும். சில நூறு பேரே எஞ்சியுள்ள அம்மக்கள், 1997ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் வெளியாருடன் நட்புறவு கொள்ளத் தொடங்கினர். வழியில் வண்டியை நிறுத்துவதும், அவர்களைப் படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அங்ஙனம் இருந்தும் அவர்களைக் காணும் ஆவலோடு செல்வோர் உளர் என்று கேள்வியுற்றோம். மனிதரைக் காட்சிப்பொருளாக்கும் கூட்டத்தில் எங்கள் தலை இருவர் தலையாகச் சேர வேண்டா என்று கருதிக் குகைப் பயணத்தைக் கைவிட்டோம். அதனால் எங்கள் இன்பம் சிறிதும் குறையவில்லை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான காலம் ஏற்றது. அடையாள அட்டையை மறவாதீர்கள். படகுச் சீட்டை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். உவர்நீர் முதலைகள் வாழும் நீர்ப்பரப்பு ஆதலால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்காதீர்கள். பவளத்தையும் சங்கையும் பொறுக்கி வருதல் தகாது. 2010ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமுற்றதால் அங்குள்ள பவளப்பாறைகள் பெரிதும் வெளுத்தன. எஞ்சியவற்றைக் காப்பது வருவோர் கடமையும் ஆகும்.

எல்லார்க்கும் அந்தமான் கைகூடாது என்பதை அறிவோம். செலவு சிறிதன்று. எனினும் குற்றாலமோ, கன்னியாகுமரியோ, அடுத்த ஊர் ஆற்றங்கரையோ, ஆண்டில் இரண்டு நாள் தம்பதியர் தனித்திருக்க ஓரிடம் எவர்க்கும் கிட்டும். மக்கள் திருமணமாகட்டும், கடன் தீரட்டும் என்று அதனைத் தள்ளிப்போடாதீர்கள். பேசப்படாமல் கிடக்கும் ஒரு வினா உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதையும் உடன் கொண்டு செல்லுங்கள்.