பதம் பார்க்கும் கை

பழவேற்காட்டுக்கு அடிக்கடி மீன் வாங்கப் போகும் நண்பர் ஒருவர்தான் சொன்னார்: “லைட்ஹவுஸ் குப்பத்துல ஃபைபர் படகு ஒட்டுற மேஸ்திரி ஒருத்தர் இருக்கார். நீ புத்தகத்துல படிச்சதெல்லாம் அவர் கையில இருக்கு.”

ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தினமும் கரையேற்றி இழுப்பதில் மணல் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். உள்ளிருக்கும் கண்ணாடி இழை தெரிய ஆரம்பித்ததும் மேஸ்திரிக்கு ஆள் வரும். அவர் அப்பா கட்டுமரம் கட்டியவர். இங்கெல்லாம் ஃபைபர் பெருவாரியாக வந்தது 2004 சுனாமிக்குப் பிறகு, நிவாரணமாக.

தேய்ப்பது, கழுவுவது, காயவைப்பதெல்லாம் முடிந்தபின் ரெசின் வாளியைத் திறந்தார். தேன் போல வழிகிற திரவம். வினையை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்து நன்றாகக் கிளறிய பிறகுதான், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை எடுத்தார். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கக்கூடும். ஒரு கிலோ ரெசினுக்குப் பத்திலிருந்து இருபது மில்லி ஹார்ட்னர் போதும். வெயில் ஏறினால் இன்னும் குறைப்பார். அந்தச் சிறு அளவிலேயே ரெசினின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிவிடும். சிறு வினை, பெரு மாற்றம். 1991-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென், தம் பரிசு உரையில் மென்மையான பருப்பொருட்களின் அடையாளமாகச் சொன்னதும் இதைத்தான். அவர் காட்டிய உதாரணம், அமேசான் பழங்குடியினர் காலில் பூசிக் காலணியாக்கிய ரப்பர் பால்.

இழை விரிப்பை ரெசினில் நனைத்து ஒட்டிவிட்டு, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சிறு இரும்பு உருளையை மேலே ஓட்டினார். அன்று முழுக்க என் கண் அந்த உருளையை விட்டு நகரவில்லை. அழுத்தினால் காற்றுக்குமிழ் நசுங்கி ஓரத்துக்கு ஓடுகிறது. அதிகம் அழுத்தினால் ரெசினும் பிதுங்கி இழை வறண்டு போகிறது. “குமிழி நின்னா அங்கதான் சார் தண்ணி குடிக்கும்,” என்றார். இடையிடையே குச்சியை வாளியில் விட்டுத் தூக்குவார். நூல் விட ஆரம்பித்தால் அந்த வாளி முடிந்தது. மிச்சத்தைத் தூர வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாகச் சூடேறிப் புகைந்தது.

மேல்பூச்சுக்கு வேறு குணம். அதில் நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்திருக்கும். துகள்கள் கைகோத்து நிற்பதால் வாளியில் கெட்டியாக இருக்கும். பிரஷ் இழுக்கும்போது பிடி விட்டு இளகும். பிரஷ் நின்றதும் மறுபடி கைகோக்கும். அதனால்தான் செங்குத்தான பக்கத்திலும் அது வழியவில்லை.

ரெசினில் கரைந்திருக்கும் ஸ்டைரீன் மூக்கைத் துளைத்தது. மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2018-இல் வகைப்படுத்திய பொருள் அது. “முகமூடி போடலாமே அண்ணே?”

“போட்டா வாசம் தெரியாது சார். சூடு ஏறுதான்னு வாசத்துலதான் பாக்குறோம்.”

இந்தப் படகை ஒட்டும் செலவு, மீன் வியாபாரி கொடுத்த முன்பணம். அதற்கு ஈடாகப் படகுக்காரர் பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டும். ரெசின் கடைக்காரருக்கு லாபம், வியாபாரிக்கு விற்பனைக் கழிவு. நுரையீரலைக் கொடுப்பவருக்கு நாள் கூலி. ரெசினுக்கு ஏற்ற வடிகட்டி வைத்த முகமூடியும் கையுறையும் ஒரு படகின் செலவில் பெரிய தொகை ஆகாது. கிலோ கிலோவாகக் கழிவு எடுப்பவர் கணக்கில் அதை முதல் வரியாக எழுதட்டும்.