மணப்பாறையில் ஏழு நாட்கள்



"வயது வந்த பெண் பிள்ளையை ஒரு வாரம் கூடாரத்தில் விடுவதா?" பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணிக்கு என் மகள் தேர்வு பெற்றபோது, என் மாமியார் கேட்ட முதற்கேள்வி இதுதான். உங்கள் இல்லங்களிலும் இக்கேள்வி எழக்கூடும் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த சிப்காட் வளாகத்தில் அத்திரளணி நடைபெற்றது. முறுக்கிற்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊரின் ஓரத்தில், இந்திய மாநிலங்கள் பலவற்றின் பிள்ளைகள் கூடாரமடித்துத் தங்கினர்.

இவ்வியக்கத்தில் பெண்கள் இடம்பெற்ற வரலாறு சுவையானது. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கூடிய சாரணச் சிறுவர்களிடையே, அழைப்பின்றியே சில சிறுமியரும் வந்து நின்றனர். அடுத்த ஆண்டே அவர்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது. 1911-இல் அது ஜபல்பூருக்கு வந்தது. 1950-இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 1951-இல் பெண்கள் சங்கமும் இணைந்தது.

என் தயக்கத்தைத் தீர்த்தது அவர்களது உறுதிமொழியே. இறைவனுக்கும் நாட்டிற்கும் ஆற்றும் கடமை, பிறருக்கு உதவுதல், இயக்க விதிக்குக் கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் குறித்தே மூன்று விரல்களால் வணக்கம் செய்கின்றனர். இறைக் கடமையை முதலில் வைக்கும் இடத்திற்கு அனுப்ப ஏன் அஞ்ச வேண்டும்?

ரஜப் மாதம் முடிந்து ஷஃபான் பிறந்த நாட்கள் அவை. சுபுஹுக்குப் பொறுப்பாசிரியையே அவளை எழுப்பி விட்டாராம். சாரணியர் இடக்கையால் கைகுலுக்குவது அவளுக்குச் சங்கடமாக இருந்ததாம். கேடயம் ஏந்தும் கையை நீட்டுவது நம்பிக்கையின் அடையாளம் என்று தோழியர் விளக்கினராம். "ஸலாமுக்கு வலக்கை, தோழமைக்கு இடக்கை" என்று சிரித்தாள் மகள்.

திரும்பும் வழியில், அவளது அணித் தோழியின் பெற்றோருடன் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றோம். 1987-இல் நிறைவுற்ற 236 அடி ராஜகோபுரத்தின் எதிரே நாங்கள் காத்திருக்க, அவர்கள் உள்ளே சென்று வந்தனர். அங்குள்ள துலுக்க நாச்சியார் சந்நிதியில் ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுவதை அத்தாயார் கூறினார். அக்கதை நம் கொள்கைக்கு உடன்பாடன்று. எனினும், அயலார் வீட்டுப் பெண்ணொருத்தியைப் பரிவுடன் நினைவுகூரும் மனத்தை மதித்தேன்.

பின்னர், நவாப் வாலாஜா துயிலும் நத்தர்வலி தர்காவுக்குச் சென்றோம். அத்தோழி, எவரும் சொல்லாமலே தன் கழுத்துத் துணியால் தலையை மூடிக்கொண்டாள். பாத்திஹா ஓதி முடியும்வரை என் மகளின் அருகிலேயே நின்றாள்.

வீடு திரும்பியதும் மகள் தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். பாட்டியின் கால்வலிக்குக் கட்டும் போட்டாள். "அடுத்த முகாம் எப்போது?" என்று கேட்டவர் என் மாமியார்தாம்!

சகோதரிகளே, விசாரித்து அறியுங்கள். துணைக்கு வரும் ஆசிரியைகளுடன் பேசுங்கள். மனம் நிறைந்தால் துஆச் செய்து அனுப்புங்கள். நம் பெண் மக்களை அல்லாஹ் என்றும் காத்தருள்வானாக, ஆமீன்.