விழாத லட்சத்துக்குப் போட்ட பட்டியல்

எங்கள் தென்காசிப் பக்கம் லாட்டரிச் சீட்டு சைக்கிளில் வரும். முன்னால் ஓர் அட்டை, அதில் கிளிப் குத்தித் தொங்கும் கலர் கலரான சீட்டுகள், பின்னால் கரகரக்கும் ஒலிபெருக்கி. நாளைக்குக் குலுக்கல் என்று அது கத்தாத நாளே கிடையாது.

அப்பா வாங்கும் சீட்டு தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் போய்விடும். அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் பங்கு பிரிப்பு ஆரம்பிக்கும். இன்றைக்கும் எனக்கு ஏக்கம் அந்தப் பேச்சின் மேல்தான். "லட்சம் விழுந்துட்டுன்னா மொதல்ல அத்தை நகையை மீட்டுரணும்" என்பார் அப்பா. அடுத்தது பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பாக்கி. பிறகு பட்டியல் வாசல்படி தாண்டித் தெருவுக்கு இறங்கிவிடும். வாடகை மிஷினில் தைக்கும் எதிர்வீட்டு மதினிக்குச் சொந்தமாக ஒரு தையல் மிஷின். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாத பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்று வருஷ பீஸ். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒழுகும் ஐந்தாம் வகுப்புக்கு ஓடு. எங்களுக்கென்று வீடு வாங்கும் பேச்சு வரும்போது பாதிப் பணம் கரைந்திருக்கும்.

சண்டையும் வரும். தங்கச்சி கல்யாணத்துக்கே வராத பெரியப்பாவுக்குச் சல்லிக்காசு கிடையாது என்று அப்பா தீர்ப்புச் சொல்வார். "எம் பங்குலேருந்து குடுத்துட்டுப் போறேன், நீ யாருல கேக்க?" என்று ஆச்சி எழுந்து உள்ளே போய்விடுவாள். வராத பணத்துக்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது. அதற்குள் பேப்பரில் முடிவு வந்துவிடும். பொடி எழுத்து நம்பர்களில் சித்தப்பா ஸ்கேல் வைத்து வரிவரியாகத் தேடுவார். அதிகம் போனால் கடைசி எண்ணுக்கு ஏதோ சில்லறை விழும். அதுவும் மறுநாளே இன்னொரு சீட்டாகிவிடும்.

1968-ல் அண்ணா ஆட்சியில் தொடங்கியது தமிழ்நாடு அரசின் பரிசுச்சீட்டு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அந்தக் கால வாசகம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியை அடியோடு தடை செய்தது. செய்தது சரிதான். கூலி வாங்கிய கையோடு சீட்டுக்கடையில் நின்று, வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சுரண்டல் சீட்டு வந்த பிறகு ராத்திரி வரை கனவு காணக்கூட அவகாசமில்லை. நின்ற இடத்தில் நகத்தால் சுரண்டி, அங்கேயே கிழித்துப் போட வேண்டியதுதான்.

ஆசை மட்டும் தடைக்குக் கட்டுப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் செங்கோட்டை தாண்டி, கேரளத்து ஆரியங்காவில் சீட்டு வாங்குகிறார்கள். 2023-ல் கேரள ஓணம் பம்பர் 25 கோடி திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம், மீதியில் வரி முப்பது சதவீதம் போனால் மிஞ்சுவது 15 கோடியே 75 லட்சம்; அதிலும் கூடுதல் வரி உண்டு. அப்பாவின் கணக்கில் வரி என்ற ஒன்றே கிடையாது. சீட்டுப் பணத்தை ஊருக்கு உதவும்படி திருப்பவும் கேரளம் ஒரு வழி பார்த்தது. 2011-ல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென்று ஒதுக்கப்பட்டது.

ஓணம் பம்பர் செய்தியைப் படித்த அன்று நானும் மனசுக்குள் பங்கு பிரித்துப் பார்த்தேன். வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளையின் மேற்படிப்பு. அதோடு பட்டியல் நின்றுவிட்டது. எதிர் ஃபிளாட்டில் யார், அவர்களுக்கு என்ன குறை என்று தெரிந்தால்தானே அடுத்த பெயர் எழுத!

லாட்டரி இங்கே திரும்பி வரவே வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சீட்டு வாங்கிய தலைமுறை என்றால், அன்றைக்கு யார் யாருக்குப் பங்கு வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு தையல் மிஷினாவது நம் சம்பளத்திலேயே வாங்கக்கூடியதாக இருக்கும்.