அம்மாவின் வயிற்றுப் புண்ணும் என் பழைய பாடமும்



அம்மாவின் உடல்நிலையைப் பலரும் போன் செய்து விசாரித்தீர்கள். நலமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்ல முடியாததால் நடந்ததை இங்கே எழுதுகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது.

அம்மாவுக்கு 91 வயது. இதயத்துக்காகப் பல வருடமாக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். மூட்டுவலி தாங்க முடியவில்லை என்றார்கள். டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் சாப்பிட்டார்கள். பிறகு சோர்ந்து போனார்கள், எழுந்தால் தலைசுற்றல். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வயிறு வலிக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றார்கள். மலம் தார் போலக் கறுத்திருந்ததை என் மனைவி கவனித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஹீமோகுளோபின் 6.4.

இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. இரைப்பைச் சுவரை அமிலத்திடமிருந்து காப்பாற்றும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த வலி மாத்திரைகள் குறைத்துவிடுமாம். கூடவே ஆஸ்பிரினும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். வயதானவர்களுக்குப் பல நேரம் வலியே தெரியாது என்றார் டாக்டர்.

எண்டோஸ்கோபி என்றதும் வீட்டில் விவாதம். "இந்த வயசுல குழாய் விட்டு எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?" எனக்கும் அதே பயம்தான். "வயசை மட்டும் வச்சு வேண்டாம்னு சொல்லக்கூடாது சார். இதயம், மூச்சு எல்லாம் பார்த்துத்தான் செய்வோம்" என்றார் டாக்டர். அம்மாவிடமே கேட்டேன். "செஞ்சா எழுந்து நடப்பேனா? அப்ப செய்யச் சொல்லு" என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்து, குழாய் வழியாகவே புண்ணில் ஊசி போட்டு, கிளிப் வைத்துக் கசிவை நிறுத்தினார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு திருத்தம். அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும் நேரம் தவறிய சாப்பாடும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காக 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான் முக்கியக் காரணங்கள். அம்மாவுக்குப் பரிசோதித்ததில் கிருமி இல்லை. நான் வாங்கிக் கொடுத்த மாத்திரைதான் காரணம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இரண்டையும் டாக்டர் முடிவு செய்யட்டும். திடீர்ச் சோர்வை வயதின் மேல் போடாதீர்கள். மலம் கறுத்தால் அன்றே காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனாலும் அதை டாக்டர் சொல்லட்டும்.

இன்று காலை அம்மா தானாகவே நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, இட்லிக்குச் சட்னி கேட்டார்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்