கல்லின் மேற்பூச்சு

அழியாத ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின் கல்லெழுத்தை உவமையாகக் கூறுவது தமிழ் மரபு. ஆயின் அக்கல்லெழுத்தும் கண்ணுக்கு மறைந்துபோவதுண்டு. மறைப்பது காலம் மட்டுமன்று. விழாத்தோறும் நாம் அன்போடு பூசும் சுண்ணாம்பும் வண்ணமும் ஆகும்.

திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நமக்குக் கல்லெழுத்தின் அருமை புதிதன்று. 1855ஆம் ஆண்டில் ஆலப்புழையில் பிறந்து, இந்நகரின் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பெ. சுந்தரம் பிள்ளை. 'மனோன்மணீயம்' தந்த அப்பெருமகனார், கல்வெட்டுகளைத் தேடிப் படித்தே பண்டைத் திருவிதாங்கூர் மன்னர் சிலரின் வரலாற்றை 1894இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். கல்லின் முகம் சிதைந்திருப்பின் அவ்வரலாறு ஏது?

மூடிய பூச்சை நீக்குவதிலும் இடர் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் அழுத்தக் காற்றோடு மணலைப் பாய்ச்சித் தூண்களைத் தூய்மை செய்தனர். பூச்சு போயிற்று, அதனுடன் சிற்ப நுட்பமும் எழுத்தின் விளிம்பும் தேய்ந்தன.

இதனைச் சிறிய அளவில் நாமே கண்டோம். கோட்டைப் பகுதியில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் திண்ணையில் இரு கருங்கல் தூண்கள் உள்ளன. பச்சை, நீலம், மஞ்சள் எனப் பல அடுக்கு எண்ணெய் வண்ணம் அவற்றின்மேல் ஏறியிருந்தது. வீட்டுக்காரர் அமர்த்திய பணியாள் உளியும் கம்பித் தூரிகையும் கொண்டு ஒரு தூணை அரை நாளில் சுரண்டி முடித்தார். அடியிலிருந்த தாமரை இதழ்களின் முனைகள் மழுங்கின. மற்றத் தூணை நாம் கேட்டு வாங்கிக்கொண்டோம். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் குழந்தைகளுக்குத் தீங்கு. ஆகவே பிள்ளைகளை அப்புறப்படுத்தி, வண்ணம் இளக்கும் பசையைத் தடவிப் பொறுத்திருந்து, மரச் சீவலால் மெல்ல வழித்து, நீரால் கழுவினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. இதழ்களோடு, பெயரறியாச் சிற்பி ஒருவனின் உளித்தடமும் வெளிப்பட்டது.

இப்பொறுமையின் பேருருவைத் தஞ்சையில் காணலாம். பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் கீழே சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார் மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். சோழர் வெளிப்பட்டனர், நாயக்கரும் அழிந்திலர். மேலே இருப்பதும் ஒரு கலைஞனின் உழைப்பே என்பதை அவர்கள் மறக்கவில்லை.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழைப் பேசுவர், எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார். அதுகண்டு சினந்து, பிற மொழியைச் சுரண்டித் தமிழை மீட்க முயலும் தந்தையர் உளர். உள்ளே கிடக்கும் தமிழ் தானே இருக்கும் என வாளாவிருப்போரும் உளர். முன்னவர் செயல் கம்பித் தூரிகை. பின்னவர் செயல் மேலும் ஓர் அடுக்குப் பூச்சு. மலையாளம் நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழி; அது கறையன்று. அதனைக் காத்துக்கொண்டே, கிழமைக்கு ஒரு மாலையேனும் பிள்ளைகளை அருகமர்த்தித் தமிழெழுத்தைக் கற்பிப்போம். கல் நூற்றாண்டுகள் காத்திருக்கும். குழந்தைப் பருவம் காத்திராது.